கரையிலிருந்து சத்தம் வராவிட்டால்

"காதுகிட்ட வைங்க மாமா, அப்பாகிட்ட தனியாப் பேசணும்" என்று ஸ்கொட்லாந்திலிருந்து போனில் சசிக்குமார் அழுதான். அழகமுத்து மாமா, அவன் அனுப்பிய அந்தப் போனையே சவப்பெட்டிக்குள் கிடந்த அவன் அப்பா நல்லையாவின் காதோரம், மாலைக்கடியில் செருகினார். "பேசுப்பா."

இரண்டு வார்த்தை வந்தது. அதோடு சிக்னல் செத்துப்போனது. தோட்டத்து லயக் குடியிருப்பில் எப்போதும் அப்படித்தான்.

பல்லேபொலப் பக்கமிருந்து மழை கறுத்துக்கொண்டு வந்தது. மூடியைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள்.

"மகன் ஒரு வார்த்த சொல்லாம எப்படி மூடுறது?" என்றார் மாமா.

நான்கு மாதமாக அப்பாவை மாத்தளை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவந்தவள் மகள் தினுஷா. அவர் சளி துப்பிய சட்டியைக் கழுவியவளும் அவள்தான். ஆனால் பெட்டியின் நிறத்தைக்கூட அண்ணனிடம்தான் கேட்டார்கள்.

ஸ்கொட்லாந்தில் அணு ஆயுத நீர்மூழ்கிகள் வந்து நிற்கும் துறைக்குப் பக்கத்து ஊரில், சாப்பாட்டுக் கடையொன்றில் அவன் கோப்பை கழுவுகிறான். "எம் மகன் அணுகுண்டுக் கப்பலுக்குப் பொறுப்பா இருக்கான்" என்று அப்பா தோட்டம் பூராவும் சொல்லித் திரிந்தார். அதே கப்பல்களைப் பற்றி அறுபது பக்கம் ஆய்வெழுதிப் பட்டம் வாங்கிய தினுஷா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கப்பல் பிரித்தானியா கட்டியது. ஏவுகணை அமெரிக்கக் கிடங்கிலிருந்து வருவது. அப்படியானால் அந்த நாட்டின் சுதந்திரம் யார் கையில்? மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒருநாள் இதைச் சொன்னாள்.

"கடலுக்கடியில இருக்க கப்பலுக்குக் கரையிலருந்து சத்தமே வரலன்னா?" என்று கேட்டார்.

"பிரதமர் கைப்பட எழுதின கடுதாசி ஒன்னு கப்பல்ல இருக்குப்பா. நாடே அழிஞ்சிருச்சின்னா கேப்டன் அதப் பிரிப்பான். 'நீயே முடிவெடு'ன்னுகூட அதுல எழுதியிருக்கலாம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "இதெல்லாம் நம்ம சசிக்குத் தெரிஞ்சிருக்குமே!"

மிளகுத் தட்டை உதைத்ததும் அவள்தான், சிதறியதைப் பொறுக்கியதும் அவள்தான்.

"மூடுங்க" என்றாள் இப்போது.

"சசி..." என்று மாமா இழுத்தார்.

"சசி லைன்ல இல்ல. நான் இருக்கேன். மூடுங்க."

முதல் துளி விழுந்தது. அந்த அவசரத்தில் மாமா பெட்டிக்குள் இருந்த போனை மறந்துபோனார். தினுஷா மறக்கவில்லை. திருகாணி முறுக்கி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பெண்கள் வாசலோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். அவள் பெட்டியின் தலைமாட்டில் கை வைத்தபடி கூடவே நடந்தாள். "நீ எங்க புள்ள வர்ற?" என்று யாரோ கேட்டதற்குத் திரும்பவில்லை.

கோயில் வளைவுக்குப் போனால்தான் அந்தத் தோட்டத்தில் சிக்னல் எடுக்கும். அங்கே தப்பு மேளம் உரக்க ஒலித்துக்கொண்டிருந்தபோது, அவள் உள்ளங்கைக்குக் கீழே பலகை அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"என்ன புள்ள, நின்னுட்ட?" என்றார் மாமா.

"ஒன்னுமில்ல மாமா. நடங்க."

நனைந்த பலகையிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.