லுவார் ஆற்றுப் படங்கள்

என் தங்கை றஸ்மியா என் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஜிப்ரி பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தான். ஊர் நடுவே ஒரு கோட்டை, அதைச் சுற்றி அகழி. அடுத்தது கண்ணுக்கெட்டியவரை திராட்சைக் கொடிகள்.

"ராஜா மாதிரி சுத்திட்டு வந்தீக்கிறீங்க மச்சான்," என்றான் ஜிப்ரி.

மகனுடைய கபுரை, அவனை அடக்கிய இடத்தைப் பார்க்கப் போன மனிதனிடம் பேசுகிற பேச்சா இது? அவன் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. ஆனால் அந்தப் படங்களை எடுத்தவன் நான்தானே. எங்கள் ஊர் அலுவிகாரைக்குத் திரும்பி வந்ததும் கேட்பவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே என்று கோட்டையையும் கொடிகளையும் எடுத்துத் தள்ளியிருந்தேன். என் மனைவி உம்மு குல்தூம் எதையும் பார்க்கவில்லை. இவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்று சுவரோரம் காத்திருந்தாள்.

றம்ஸி எங்களுக்கு ஒரே பிள்ளை. மாத்தளையில் என் மிளகு, கராம்புக் கடையில் உட்கார மாட்டேன் என்று ஃபிரான்ஸுக்குப் புறப்பட்டான். ஏஜென்ட்காரன் அவனைப் பவித்ரன் என்ற பெயரில், போர் நடந்த வடக்கில் யாரோ ஒரு இந்துப் பையனுடைய பாஸ்போர்ட்டில் ஏற்றிவிட்டான். அந்தப் பெயருக்குத்தான் அகதி மனு நிற்கும் என்றானாம். லுவார் ஆறு கடலில் விழுகிற பக்கம், நாந்த் நகரத்தில் தங்கி, திராட்சை பறிக்கப் போனான். வைனுக்கான திராட்சை. தாயிடம் பழத்தோட்டம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். போன செப்டெம்பரில் ஒரு காலை, சைக்கிளில் தோட்டத்துக்குப் போனவனை லொறி அடித்துவிட்டது.

எங்களுக்கு அது தெரியாது. உம்மு குல்தூம் அவனுடைய நம்பருக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். அவனோடு ஒரே வீட்டில் இருந்தவர் மாணிக்கவாசகம், யாழ்ப்பாணத்துக்காரர். பொலிஸ் திருப்பிக் கொடுத்த போனை அவர் சார்ஜில் போட்டதும் அது அடித்திருக்கிறது. திரையில், முஸ்லிம் பிள்ளைகள் தாயை அழைக்கிறபடி, 'உம்மா' என்று இருந்ததாம். அப்போதுதான் பையன் யாரென்று அவருக்கு விளங்கியிருக்கிறது. எங்களிடம் செய்தியைச் சொல்லி, "எல்லாம் முறைப்படி செய்திட்டம்," என்று அழுதார். ஜனாஸா அடக்கமாவது நல்லபடி நடந்ததே என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம். இருவரும் விசாவுக்குக் கேட்டதில் எனக்கு மட்டும் கிடைத்தது. புறப்படும்போது உம்மு குல்தூம் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவன்ட கபுர ஒரு படம் புடிச்சிட்டு வாங்க."

நாந்தில் மாணிக்கவாசகம் என்னை முதலில் கோட்டைக்குக் கூட்டிப் போனார். பிறகு தோட்டத்துக்கு. கபுர் எங்கே என்று நான் கேட்கக் கேட்க மனிதர் வேறு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆறு கடலோடு சேருகிற இடத்தில் காரை நிறுத்தினார். எது ஆறு, எது கடல் என்று தெரியாமல் தண்ணீர் மண் நிறத்தில் அகன்று கிடந்தது.

"அண்ணை, பெடியன் பவித்ரன் எண்டுதான் சொன்னவன். எனக்கு வேற ஒண்டும் தெரியாது. அநாதையா விடக்கூடாதெண்டு தேவாரம் படிச்சு நான்தான் கொள்ளி வைச்சனான். சாம்பலை இஞ்சதான் கரைச்சனாங்கள்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளைக்காக மொட்டையடித்துக்கொண்ட மனிதர் அவர். நான் காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்தி அழுதேன்.

இதை உம்மு குல்தூமிடம் எப்படிச் சொல்வது? கொரோனாவில் இறந்துபோன அவளுடைய தம்பி ஹஸீபை, அடக்க விடச் சொல்லி நாங்கள் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல், அரசாங்க உத்தரவென்று எரித்தார்கள். அன்றைக்கே அவள் வீட்டு விறகடுப்பை உடைத்துப் போட்டாள். பிறகு சமையல் கேஸ் இல்லாமல் ஊரே விறகுக்கு மாறிய வருடத்தில்கூட அவள் ஒரு சுள்ளியைத் தொடவில்லை. இரண்டாவது முறையும் அதையே கேட்டால் அவள் தாங்கமாட்டாள். ஆகவே அந்த நகரத்து மையவாடியில் முஸ்லிம்களுக்கென்று இருந்த பகுதிக்குப் போய், யாருடையதோ ஒரு கபுர்க் கல்லைப் படம் எடுத்தேன். மற்றக் கற்களில் பிரெஞ்சில் பெயர்கள் இருந்தன. இதில் அரபு மட்டும்தான். அரபு எழுத்து எனக்கு ஓதுவதற்கானது. அதில் ஒரு ஆளின் பெயர் இருக்கும் என்று அப்போது புத்தியில் படவில்லை.

றஸ்மியாவும் ஜிப்ரியும் போனதும் உம்மு குல்தூம் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்பக் காட்டுங்க."

காட்டினேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைப் போட்டு, இரண்டு விரலால் கல்லைப் பெரிதாக்கினாள். அவள் விரல் வலமிருந்து இடமாக ஊர்ந்தது.

"ஃபா... த்தி... மா," என்று எழுத்துக்கூட்டினாள்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பாவம், யார் பெத்த புள்ளையோ," என்று கைகளை ஏந்தி, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்குப் பாத்திஹா ஓதி முடித்து, முகத்தைத் தடவிக்கொண்டாள். பிறகுதான் கேட்டாள்.

"எங்கட மகன் எங்க?"

நான் கையை நீட்டிப் படங்களைப் பின்னுக்குத் தள்ளி, அன்று அழுது முடித்து இறங்கி எடுத்த ஆற்றுப் படத்தில் நிறுத்தினேன். அவள் தண்ணீரின் மேல் இரண்டு விரலை வைத்து அதையும் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கரை போனது, வானம் போனது, திரை முழுக்க வெறும் மண் நிறம். அதற்குமேல் படம் பெரிதாகவில்லை. அவள் விரல்களை எடுக்கவில்லை.