தண்ணீரில் மட்டும் இருந்த ஆள்

அவர் எடுத்த படங்களில் மலை உண்டு, ஏரி உண்டு, மேகம் உண்டு, மேகத்துக்கு நடுவே எட்டிப் பார்க்கிற வெயிலும் உண்டு. மனிதர் மட்டும் கிடையாது. ஓர் ஆள் குறுக்கே வந்துவிட்டால் அவர் முகம் சுண்டிப்போகும். அந்த ஆள் போகிறவரை காத்திருப்பார். போகாவிட்டால் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆளையே இல்லாமல் ஆக்கிவிடுவார். பதினைந்து வருடமாக விடுமுறை விட்டால் இதே பிழைப்பு. சம்பளத்துக்குச் செய்கிற வேலை வேறு: ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். அங்கே எல்லோருக்கும் அவர் 'கேமரா'தான்.

மனைவியும் முன்பெல்லாம் கூடப் போவாள். கடைசியாகப் போனது ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு மலை ஏரிக்கு. அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் முட்டி வலி என்றாள். முட்டி வலிக்காரி தினமும் மூன்று மாடி ஏறிப் போய்த் துணி காயப்போடுகிறாளே என்று இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. மகள் படிக்க வெளியூர் போய், வீட்டில் பேச்சுச் சத்தம் அடங்கின பிறகுதான் தோன்றியது. தோன்றியதும் பயமும் வந்தது. அடுத்த மாதம் கடலோரத்துக்குப் போக இரண்டு ரயில் டிக்கெட் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"நீ வந்தா நல்லா இருக்கும்" என்றார். இத்தனை வருடத்தில் 'வரியா' என்றுதான் கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்டதில்லை.

அவள் டிக்கெட்டைத் தொடவில்லை. "ஆஸ்பத்திரியில உங்க படமெல்லாம் மாட்டியிருக்காங்களாமே. சனிக்கிழமை வந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

டயாலிசிஸ் அறையில் மாட்டியிருந்தது உண்மைதான். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம், நோயாளிகள் காரை பெயர்ந்த சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்று தலைமை நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. "உங்ககிட்டதான் படம் குவிஞ்சு கிடக்கே, கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார். கேமராவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு படங்கள் கொண்டுவந்து மாட்டினார். நடுவில் ஆறடி அகலத்தில் அந்த மலை ஏரி. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றால், இவருக்கு அந்தக் குஞ்சுகளிலேயே இதுதான் சொக்கத் தங்கம்.

பொதுவாக ஒரு படத்தை யாரும் பத்து நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. இங்கே நிலைமை வேறு. ஊசி ஏறிய கையை அசைக்க முடியாது, எழுந்து போக முடியாது, எதிரே சுவரைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் கட்டிலில் படுக்கிற தையல்காரர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, இதுல ஒட்டுப் போட்டிருக்கீங்களே."

"என்ன ஒட்டுங்க?"

"அக்கரையில, அந்தப் பாறைக்கு முன்னால. ஒரே புல்லு ரெண்டு இடத்துல முளைச்சிருக்கு. கிழிசலை மறைக்கிற வேலை எனக்குத் தெரியாதா? அது போகட்டும். கீழ தண்ணியைப் பாருங்க. நீல ஸ்வெட்டர், கையில ஒரு குடை, தலைகீழா நிக்குது. கரையில ஆளே இல்ல. தண்ணியில மட்டும் எப்படி ஆள் வந்துச்சு?"

கேமராவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது. அக்கரையில் நின்ற மனைவியை அழித்தவர் அவரேதான். அவளுடைய பிம்பம் நாணலுக்கு நடுவே தண்ணீரில் கிடந்ததைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரில் கடுகளவு இருந்தது, ஆறடிப் படத்தில் கட்டைவிரல் அளவுக்கு வளர்ந்து நின்றது.

"யாரோ... தெரியலீங்க" என்று மென்று விழுங்கினார்.

இரண்டு நாளில் அறை முழுக்க இதே பேச்சு. ஆம்பளை என்றார் ஒருவர். இல்லை, பெண்தான் என்று இரண்டாம் கட்டில் கணக்கு டீச்சர் அடித்துச் சொன்னார். "குடையை ஊனிக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சிருக்கா பாருங்க. ரொம்ப நேரமா நிக்கிறா. கால் கடுக்குது அவளுக்கு." மற்ற ஐந்து படங்களையும் ஒருவரும் சீந்தவில்லை. பாவம், அவற்றில் ஒன்றுக்கு மாவட்டப் போட்டியில் ஆறுதல் பரிசுகூட உண்டு.

கேமராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வந்து பார்த்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே ஒட்டாமல் இருக்கிறவள் ஒரேயடியாக விலகிவிடுவாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, தண்ணீரில் இருந்தவளையும் அழித்து, புதிதாக ஒரு படம் அச்சடித்து வாங்கினார். சனிக்கிழமை காலையில் அதைச் சுருட்டி எடுத்துவந்து ஸ்டூலில் ஏறினார். மனைவி பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"என்ன தம்பி பண்றீங்க?" தையல்காரர் கேட்டார்.

"மாத்துறேங்க. அதுல ஒரு சின்னக் குறை இருக்கு."

"குறையா? அந்தப் பொண்ணையா குறைங்கிறீங்க?" தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி சாய்ந்தார். "வந்து படுத்ததும் முதல்ல அவ நிக்கிறாளான்னுதான் பாக்குறேன். அவளே கால் கடுக்க நிக்கிறா, நாம படுத்துக்கிட்டுதானே இருக்கோம், நாலு மணி நேரம் இருந்துருவோம்னு தோணும். அவளையும் எடுத்துட்டா நான் எங்க தம்பி பாக்குறது?"

"அதைத் தொடாதீங்க" என்றார் டீச்சரும். வகுப்பில் சொல்கிற குரல்.

அவர் சட்டத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு இறங்கி, புதுப் படத்தை அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டு, நடக்கிறது நடக்கட்டும் என்று முகம் கழுவப் போனார்.

மனைவி சொன்னபடி வந்தாள். தலைமை நர்ஸ் வாய் நிறைய வரவேற்றார். அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து ஏரிப் படத்தின் முன்னால் நின்றாள். கிட்டே போனாள். குனிந்தாள்.

"இது என் குடை" என்றாள்.

"அட, நீங்களாம்மா அது!" தையல்காரருக்குக் கையில் ஊசி இருப்பதே மறந்துவிட்டது. "ரெண்டு வாரமா உங்களைத்தான் பாத்துட்டிருக்கோம். யாருக்காக நின்னீங்க?"

"வேற யாருக்கு? இவருக்காகத்தான். மேகம் விலகணுமாம், மூணு மணி நேரம். படத்துல விழுறேனாம், நகரு நகருன்னு கையைக் காட்டிக்கிட்டே இருந்தார். நகர்ந்து நகர்ந்து பாதி ஏரியைச் சுத்திட்டேன். அதுக்கு மேல பாறை. அங்கயே நின்னுட்டேன்."

அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் கரையில நிக்கிற மாதிரி எடுத்திருப்பீங்களே, அந்தப் படம் இருக்கா?"

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பத்து நாள் ஓட்டியிருக்கலாம். ஊர் சுற்றி எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் இவள் இருப்பது இந்தக் கட்டைவிரல் அளவு நீலத்தில் மட்டும்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இல்ல. அழிச்சுட்டேன். இப்ப தண்ணியில இருக்கிறதையும் அழிக்கத்தான் காலையில ஸ்டூல்ல ஏறினேன். இவங்க விடல. தப்புப் பண்ணிட்டேன்மா."

அவள் தையல்காரரைப் பார்த்தாள். "நீங்க ஏன் விடல?" என்று கேட்டாள். காலையில் ஸ்டூலில் நின்றவரிடம் சொன்னதையெல்லாம் அவர் மறுபடியும் சொன்னார். அவள் கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். விலகிக் கிடந்த அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள்.

வாசல் வரைக்கும் அவர் கூடவே வந்தார். அங்கே வந்ததும், "டிக்கெட் எந்தத் தேதிக்கு?" என்றாள்.

"பன்னெண்டாம் தேதி. கேமராவை வீட்டுலயே வெச்சுட்டு வரேன்."

"எதுக்கு? அது இல்லாம ரெண்டே நாள்ல உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிடும். எடுத்துட்டே வாங்க. எப்படியும் அங்கயும் நகருன்னு சொல்லத்தான் போறீங்க."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவீங்க" என்றாள் அவள். "நான் நகர மாட்டேன்."