கட்டைவிரலுக்கு நேராக ஒரு படம்

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் கோல்கீப்பருக்குப் பாதி உயிர் திரும்பியது. மறுநாள் மாலை ஆட்டம். "சுளுக்குதான், டேப் சுத்திட்டு நில்லு" என்று பயிற்சியாளரும் சொல்லிவிட்டார். பந்து பட்டு மடங்கிய கட்டைவிரலை, எல்லா ஆட்டக்காரர்களையும் போல அவளே இழுத்துவிட்டுக்கொண்டு ஐந்து நாள் ஓட்டியிருந்தாள். ஆனால் பாட்டில் மூடியைத் திருகினால் விரல் பிடி கொடுக்காமல் நழுவியது. அதைக் கண்ட அக்காதான் விடாப்பிடியாக எம்ஆர்ஐ எடுக்க இழுத்து வந்தாள்.

குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேலே நீட்டி இருபத்தைந்து நிமிடம். தோள் மரத்துப்போனது. இயந்திரத்தின் இரைச்சல் ஓய்ந்ததும் எழப்போனாள். டெக்னீஷியன் உள்ளே வந்தார்.

"அப்படியே இரும்மா. இன்னும் பத்து நிமிஷம்."

"படம் சரியா விழலையா சார்?"

"விழுந்திருக்கு. ஆனா உள்ளங்கைக்கு நேரா எடுத்துட்டேன், தப்பு என்னோடது. மத்த நாலு விரலும் ஒரு பக்கம் பாத்தா, கட்டைவிரல் மட்டும் தனியா திரும்பி நிக்கும். அதுக்கு நேரா எடுத்தாத்தான் மூட்டைப் பிடிச்சிருக்கிற நார் முழுசா தெரியும்."

"எங்கக்கா மாதிரின்னு சொல்லுங்க."

"சிரிக்காதம்மா, கை ஆடும்."

ஸ்கேன் டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் காட்டினார். முதலாவதில் வெறும் சாம்பல் கலங்கல். இரண்டாவதில், அறுந்த நாரின் நுனி சுருண்டு கிடந்தது.

"பக்கத்துச் சவ்வு மேல ஏறி உக்காந்திருக்கு பாருங்க. நடுவுல சவ்வு நிக்கறப்ப எத்தனை மாசம் கட்டு போட்டாலும் எலும்போட ஒட்டாது. தைக்கணும். இந்த வாரமே தைச்சா பழைய பிடி வந்துடும்."

"நாளைக்கு ஆடினா?"

"ஆடிட்டே இருந்தா மூட்டு தளர்ந்துடும். அப்புறம் தைக்க நல்ல நார் மிஞ்சாது."

தாழ்வாரத்திலிருந்து அவள் பயிற்சியாளரை அழைத்து விவரம் சொன்னாள். "நான்தாம்மா சுளுக்குன்னு சொன்னேன்" என்றார் அவர். "நானும்தான் சார் நம்பினேன்" என்று அவள் போனை வைத்தாள்.

"வா, வண்டி நிக்குது" என்றாள் அக்கா.

"நிக்கட்டும். ஸ்கேன் எடுத்தவர் வெளிய வரட்டும்."

ஸ்கேன் அறைக் கதவின் சிவப்பு விளக்கு அணைய அரைமணி நேரமானது. அக்கா முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டெக்னீஷியன் வெளியே வந்ததும் கோல்கீப்பர் எழுந்து நின்றாள்.

"ஆபரேஷனாம் சார்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

இந்தச் செய்தியை இப்படிச் சொல்பவரை அவர் பார்த்ததில்லை போலும்.

"அந்தப் பத்து நிமிஷத்தை நீங்க எடுக்கலைன்னா, நாளைக்கு நான் கோல்ல நின்னிருப்பேன்."