கொலொமெய்காவுக்கு வந்த பழைய கம்ப்யூட்டர்

"இன்னைக்கு இது வேலை செய்யலைன்னா, பேஸ்மென்ட்ல இருக்கற குப்பை மொத்தமும் திங்கட்கிழமை வெளியே போகும். ஒரு ஸ்க்ரூ கூட மிஞ்சாது, சொல்லிட்டேன்!"

லேசியா இதைச் சொன்னபோது அவள் தோளில் அக்கார்டியன் தொங்கிக்கொண்டிருந்தது. மிரட்டலுக்கு நடுவே அதுவும் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் போட்டது. தராஸுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் மனைவியின் கண் ஓரத்தில் ஈரத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கனடாவின் யார்க்டன் ஊரில் லேசியாவின் அக்கா மகள் ஹாலியாவுக்குக் கல்யாணம். உக்ரேனிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் லேசியாவின் அக்கார்டியன் இல்லாமல் எந்தக் கல்யாணத்திலும் கொலொமெய்கா ஆடியதில்லை. எல்லோரும் வட்டமாக நிற்க, ஒவ்வொருவராக நடுவில் குதித்து வித்தை காட்டும் ஆட்டம் அது. ஏழு வயதில் அப்படிக் குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டவள் ஹாலியா. "என் கல்யாணத்துக்கும் நீங்கதான் வாசிக்கணும் சித்தி" என்று ரத்த வாயோடு அன்றைக்கே சொல்லி வைத்தவள்.

முந்தின நாள், வெள்ளிக்கிழமை, பனிப்புயல் வந்து நெடுஞ்சாலையை மூடிவிட்டது. அவர்கள் இருந்த டாஃபின் ஊரை விட்டு ஒரு வண்டிகூட வெளியே போக முடியவில்லை.

"அழாதீங்க சித்தி. ஹால்ல பெரிய ஸ்பீக்கர் இருக்கு. நீங்க வீட்லேர்ந்தே லேப்டாப்ல வாசிங்க, நாங்க இங்கே ஆடறோம்" என்றாள் ஹாலியா. லேசியாவுக்கு உயிர் வந்தது. மறுநாள் காலையில் வீட்டு ரூட்டர் சிவப்பு விளக்கை ரெண்டு தடவை சிமிட்டிவிட்டுச் செத்துப்போனது.

கம்பெனிக்காரன் கொடுத்த மோடத்தில் கேபிள் செருக ஒரே ஒரு ஓட்டை. லேசியாவின் மெல்லிசான லேப்டாப்பிலோ கேபிள் ஓட்டையே கிடையாது. செல்போன் சிக்னல் நேற்றிலிருந்தே படுத்திருந்தது. கடைகள் எல்லாம் பூட்டு.

அப்போதுதான் தராஸ் பேஸ்மென்டிலிருந்து அதைத் தூக்கி வந்தான். மகள் பள்ளிக்கூடம் போன காலத்துக் கம்ப்யூட்டர். பக்கத்தில் அவள் ஒட்டிய குதிரை ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. எங்கிருந்தோ கழற்றி வைத்திருந்த வயர்லெஸ் கார்டை உள்ளே செருகினான். ரெண்டு ஆண்டெனா முயல் காது மாதிரி நிமிர்ந்து நின்றது.

"இதை ரூட்டர் ஆக்கற சாஃப்ட்வேரை எப்பவோ இறக்கி வச்சிருக்கேன். மோடத்துலேர்ந்து கேபிள் இதுக்கு வரும், இதுலேர்ந்து காத்துல லேப்டாப்புக்குப் போகும். அவ்வளவுதான்."

"எப்பவோன்னா?"

"என்னைக்காவது தேவைப்படும்னு..."

"அந்த 'என்னைக்காவது'க்காக நான் இருபது வருஷமா குப்பைக்கு நடுவுல உடம்பைத் திருப்பிக்கிட்டு வாஷிங் மெஷினுக்கு நடந்து போறேன்!"

மதியம் தாண்டியதும் லேப்டாப்பில் நெட் வந்தது. லேசியா கணவனின் கன்னத்தைக் கிள்ளினாள். உடனே அடுத்த குறை. கம்ப்யூட்டரின் மின்விசிறி அறுவடை மெஷின் மாதிரி உறுமியது.

"இதையும் சேர்த்து மைக் கேக்கும் தராஸ். பொண்ணும் மாப்பிள்ளையும் வயல்ல ஆடற மாதிரி இருக்கும்."

தராஸ் அசரவில்லை. கேபிளை நீட்டி, கம்ப்யூட்டரைச் சுவருக்கு அந்தப் பக்கம், கராஜில் கொண்டு வைத்தான். குளிரில் உறையாமலிருக்க பிக்கப் வண்டியின் என்ஜின் ஹீட்டரைச் செருகியிருந்த பிளக் கைக்கு எட்டியது. அதைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரைச் செருகினான். எங்கும் போகப் போவதில்லை, வண்டிக்கு எதற்குச் சூடு? ஒருமுறை எல்லாம் சரிபார்த்தான். மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றி உள்ளே எடுத்து வந்தான். ரூட்டருக்கு எதற்கு அதெல்லாம்?

சாயங்காலம் பக்கத்து வீட்டு பாவ்லுக்கும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் முட்டளவு பனியில் நடந்து வந்தார்கள். பாவ்லுக் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர்.

"அந்த டப்பாதான் கல்யாணத்தை நடத்தப் போகுதா? ஏன் தராஸ், எங்க வீட்ல ஒரு பழைய டோஸ்டர் கிடக்கு. அதையும் கொண்டு வரட்டுமா?"

"சிரிங்க, சிரிங்க. கொஞ்ச நேரத்துல நீங்களே ஆடுவீங்க."

லேசியா சிவப்பு நூல் பூவேலை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் யார்க்டன் ஹால் ஜொலித்தது. ஹாலியா முக்காட்டைக் கழற்றிவிட்டு நடுவில் வந்து நின்றாள். "எங்க சித்தி, டாஃபின்லேர்ந்து!" என்று மைக்கில் கத்தினாள். ஹால் கைதட்டியது. லேசியா துருத்தியை இழுத்தாள்.

நாலு அடி வாசித்திருப்பாள். திரையில் ஹாலியா ஒரு கையைத் தூக்கியபடி உறைந்து நின்றாள். பிறகு அதுவும் போய்விட்டது.

"தராஸ்!"

அவன் கராஜுக்கு ஓடினான். உறுமல் இல்லை. கம்ப்யூட்டர் பிணம் மாதிரி கிடந்தது. ஃபியூஸ் போய்விட்டதா? விளக்கு எரிகிறதே! பிளக்கைத் தடவியவன் கை அதற்கு மேலே இருந்த உருண்டை டைமரில் நின்றது.

தலையில் அடித்துக்கொண்டான். குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் பனித்தரையில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் ஆடப் போவார்கள். வண்டி சூடாக இருக்கட்டும் என்று ஹீட்டரை மதியமே போடவும், கிளம்பும் நேரமான ஏழு மணிக்கு அணைக்கவும் டைமரை வைத்தவன் அவனேதான்!

டைமரைப் பிடுங்கி எறிந்து நேராகச் சுவரில் செருகினான். மின்விசிறி உறுமியது. உள்ளேயிருந்து லேசியா கத்தினாள்: "வரலை!"

காத்திருந்தான். "இன்னும் வரலை!"

வீட்டுப் போன் அடித்தது. ஸ்டெல்லா எடுத்துக் கேட்டுவிட்டுக் குரல் கொடுத்தாள். "ஹாலியா பேசறா! சித்தி வாசிக்காம ஒருத்தரும் ஆடக்கூடாதுன்னு நடுவுல நிக்கறாளாம். மேடையில மாப்பிள்ளையோட மாமா ஜோக் சொல்லிட்டு இருக்காராம். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கன்னு எல்லாரும் கெஞ்சறாங்களாம்!"

தராஸ் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். 'பீப் பீப்' என்று முனகியது. மறுபடியும் போட்டான். அதே முனகல். எங்கேயோ கேட்ட சத்தம். மகள் சின்ன வயதில் ஒருநாள் ஆப்பிள் ஜூஸைக் கொட்டி, கீபோர்டைக் கழுவப் பிடுங்கினாளே, அன்றைக்கும் இப்படித்தான் முனகியது! கீபோர்டு இல்லை என்று திரையில் எழுதிவிட்டு, யாராவது அதில் ஒரு பட்டனை அமுக்கும்வரை அப்படியே நின்றுவிடும் ரகம் இது. மதியம் கழற்றியபோது ஓடிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. அணைந்து எழுந்ததும் அடம் பிடிக்கிறது.

"கீபோர்டு! கீபோர்டு எங்கே?"

சமையலறையில் எல்லோரும் தேடினார்கள். கடைசியில் பாவ்லுக் தன் மடியைக் குனிந்து பார்த்தார். அவர் மடியில் கீபோர்டு. கீபோர்டின் மேல் தட்டு. தட்டில் பாதி தின்ற பிரோஹி கொழுக்கட்டைகள்.

"தட்டு சுடுதேன்னு வச்சேன்ப்பா..."

"இறக்குங்கய்யா!"

தராஸ் கீபோர்டைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டான். வெண்ணெயும் வெங்காயமும் ஒட்டிய பட்டனை அமுக்கினான். முனகல் நின்றது. உள்ளே என்னவோ கடகடவென்று ஓடியது. அவன் மூச்சு புகையாக வந்தது.

"வந்துடுச்சு! தராஸ், வந்துடுச்சு!"

அடுத்த நொடி அக்கார்டியன் பிளிறியது. லேசியா திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். அங்கே ஆடுகிறவர்கள் அவள் வாசிப்புக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிவார்கள், பார்த்தால் தாளம் தப்பும். ஆனால் ஸ்டெல்லா பார்த்தாள். கல்யாணப் பெண் கவுனை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு நடுவில் குதித்தாள். "பல்லு பத்திரம்டீ!" என்று ஸ்டெல்லா கத்த, பாவ்லுக் சோபாவை ஒதுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில் காலை வீச ஆரம்பித்துவிட்டார். தரை அதிர்ந்தது.

தராஸ் மட்டும் கராஜை விட்டு நகரவில்லை. பிளக்கின் மேல் ஒரு கையை வைத்தபடி, குதிரை ஸ்டிக்கருக்கு முன்னால், தனி ஆளாகக் குதித்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் கதவு திறந்தது. லேசியா அக்கார்டியனோடு நின்றாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு சின்ன மெட்டு வாசித்தாள்.

"இந்தப் பாட்டு அதுக்கு. உனக்கு உள்ளே பிரோஹி இருக்கு."

"திங்கட்கிழமை?"

"வாஷிங் மெஷினுக்குப் போற வழியை மட்டும் விடு. மீதி உன் ராஜ்ஜியம்."

மறுநாள் காலையில் நெடுஞ்சாலை திறந்துவிட்டது. கல்யாணத்துக்கு அடுத்த நாள் நடக்கும் விருந்துக்காவது போய்விடலாம் என்று லேசியா துள்ளிக் குதித்து பிக்கப்பில் ஏறினாள். தராஸ் சாவியைத் திருப்பினான். 'கக்' என்றது. மறுபடி திருப்பினான். அதுவும் இல்லை. ராத்திரி முழுக்க ஹீட்டர் இல்லாமல் என்ஜின் கல்லாக உறைந்திருந்தது. மூலையில் கம்ப்யூட்டர் மட்டும் சுகமாக உறுமிக்கொண்டிருந்தது.

லேசியா அவனைப் பார்த்தாள். அவன் டைமரைப் பார்த்தான். ரெண்டு பேரும் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

வாசலில் ஹாரன் அடித்தது. தன் காரிலிருந்து பாவ்லுக் தலையை நீட்டினார்.

"ஹீட்டர் வயர் தரையில கிடந்ததைப் பார்த்தேன், வண்டி கிளம்பாதுன்னு நேத்தே தெரியும். ஏறுங்க! தராஸ், அக்கார்டியனை நீ மடியில வச்சுக்கோ. அப்புறம், அந்தக் கீபோர்டை எடுத்துக்கோ. யார்க்டன்ல தட்டு ரொம்பச் சுடுமாம்!"