அண்ணன் பெயரில் ஊதிய மூச்சு

கல் அறுக்கும் பட்டறையில் நான் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணனுக்குப் பதினேழு வருடம். அவர் அறுப்பார், நான் பலகைக் கற்களைத் தூக்கி லாரியில் ஏற்றுவேன். எனக்கு நெஞ்சு இரும்பு. அவருக்கு நாலு படி ஏறினால் அஞ்சாவது படியில் உட்கார வேண்டும்.

அந்தக் கோடை விடுமுறையில் மருத்துவக் கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். எட்டு வாரம் ஆராய்ச்சிப் பயிற்சியாம். எந்தத் தொழில்காரனுக்கு நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது, வசதியானவன் மூச்சுக்கும் கூலிக்காரன் மூச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று அளக்கிறார்கள். கையில் அடங்கும் ஒரு மெஷின். குழாயை வாயில் வைத்து, இழுத்த மூச்சு மொத்தத்தையும் ஒரே மூச்சாக ஊத வேண்டும். மூன்று முறை. மூன்றும் ஒத்துப்போனால்தான் மெஷின் ஏற்கும்.

"யார் பேரும் வெளிய போகாது," என்று நெட்டையாக இருந்த பெண் தாளைப் பார்த்துப் படித்தாள். எந்த இடத்தில் வைத்து? மேஸ்திரி அறையில், மேஸ்திரி ஃபேனுக்கடியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்க. அவள் மேலும் ஏதோ படித்தாள். வெளியே ரம்பம் ஓடியதில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

அவர்கள் போனதும் மேஸ்திரி சொன்னார்: "நல்லா ஊதுங்கடா. இங்க ஊத முடியாதவன் வீட்டுக்குப் போய் அடுப்பு ஊதட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. கல்லுக்கு மெருகு போடுகிறவர்தான் யோசனை சொன்னார். நாக்கு நீளமான ஆள்.

"டேய் புதுசு, உனக்குத்தான் காளைமாடு மாதிரி நெஞ்சு இருக்கே. எங்களுக்கும் சேர்த்து நீயே ஊதிடேன்."

அண்ணன், மெருகுக்காரர், இன்னும் இரண்டு அறுவைக்காரர்கள். நால்வரும் ஏறக்குறைய என் உயரம். கல்மாவு அப்பிய முகத்தில் அண்ணன் எது தம்பி எது? தலைத்துண்டை மாற்றினேன், சட்டையை மாற்றினேன், மேஸ்திரி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வேறு வேறு நாளில் போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் பெயரில் ஊதியபோது நெட்டைப் பெண், "ஊதுங்க, ஊதுங்க, விட்றாதீங்க, இன்னும், இன்னும்" என்று பிரசவம் பார்க்கிறவள் மாதிரி கத்தினாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"அண்ணா, உங்க வயசுக்கு இருக்க வேண்டியதுல நூத்தியெட்டு சதவீதம்! பதினேழு வருஷமா இந்தத் தூசியிலயா இருக்கீங்க?"

"உடம்பு வாகும்மா," என்றேன்.

இதைச் சொன்னபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, குழாயடியில் குந்திய ஆள் அரைமணி நேரம் எழவில்லை.

ஏழாவது வாரம் ஒரு தாள் வந்தது. பட்டறையிலிருந்து ஒரே ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்: எடைமேடைக் காவல்காரரை. ஸ்கேன், மருந்து, நெஞ்சு டாக்டர், எல்லாம் இலவசம். கல்தூசியால் வந்த நோய் என்று எழுதிக் கொடுத்தால் நிவாரணமும் உண்டு. மூச்சு கெட்டவர்களில் அவர் மட்டும் தன் சொந்த மூச்சை ஊதியிருந்தார். ரம்பச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காமல் போனது இதுதான்.

அண்ணன் அப்போது படுத்துத் தூங்குவதையே விட்டிருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண்ணை மூடுவார். அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மூச்சை அவர் பேர்ல எழுதிட்டு வந்தியே, படுபாவி, அவர் மூச்சை நான் யார் பேர்ல போய் எழுதறது?"

மறுநாள் நெட்டைப் பெண்ணிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க மூணாவது தடவை வந்தப்பவே தெரியும்ணா. உங்க கட்டைவிரல்ல நகம் இல்ல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"அறுபது பேர் சேர்க்கணும். ஐம்பத்திரண்டுலயே நின்னுபோச்சு. சேரலைன்னா சான்றிதழ் இல்லண்ணா."

அவளை அறையலாம் போல இருந்தது. எந்தக் கையால் அறைவது? நகமில்லாத அதே கையால்தான்.

"நாளைக்குக் கல்லூரிக்குக் கூட்டிட்டு வாங்க," என்றாள். "மேஸ்திரிக்குத் தெரிய வேண்டாம்."

ஆய்வகம் இரண்டாம் மாடியில். அண்ணனை முதுகில் சுமந்து ஏறினேன். ஒரு பலகைக் கல்லின் கனம்கூட இல்லை அவர். நாற்காலியில் உட்காரவைத்து, மூக்குக்குக் கிளிப் போட்டு, குழாயைக் கொடுத்தாள். ஊதினார். இரண்டு நொடியில் இருமல் பிடுங்கியது. திரையில் சிவப்பு: ஏற்க இயலாது, மறுபடி ஊதவும்.

மறுபடி. மறுபடியும் சிவப்பு. நாலாவது தடவை அண்ணன் குழாயை எடுத்துவிட்டு மூச்சுவாங்கச் சொன்னார்: "என்னடா இது, மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி... எதைக் காட்டினாலும் வேணாங்குது."

ஆறாவதில் உதடு நீலமாகிவிட்டது. பெண் மெஷினை அணைத்தாள்.

வழிகாட்டும் பேராசிரியை வந்து, நடந்ததைப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஆனால் மூன்று ஊதல் ஒத்துப்போகாவிட்டால் அளவு இல்லை, அளவு இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இல்லை என்றார்.

"ஊத முடியாததாலதானே மேடம் இவரைச் சேர்க்கணும்?" என்றாள் பெண்.

"விதிம்மா. ஆள்மாறாட்டம் நடந்த பட்டறை வேற. மொத்தத்தையும் நீக்கணும். இவர் வெளிநோயாளி சீட்டு போட்டு வரட்டும்."

பெண் கையால் ஒரு கடிதம் எழுதித் தந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலில் இருந்த அம்மாள் அதைப் படிக்கவில்லை. அண்ணன் பெயரைக் கணினியில் தட்டினாள்.

"போன மாசம் நூத்தியெட்டு ஊதியிருக்காரே? அவசரம் இல்ல. பதினாலு வாரம் கழிச்சு வாங்க."

ஆய்வில் நீக்குவதாகச் சொன்னது ஆஸ்பத்திரிக் கணினிக்குப் போய்ச் சேரவேயில்லை. பயிற்சி முடிந்து பெண்ணும் ஊருக்குப் போய்விட்டாள். நான் கல்லூரிக்கு நாலு தடவை நடந்தேன். பேராசிரியை விடுமுறையில் இருந்தார்.

சீட்டு கேட்டுப் போன பதினோராவது வாரம் அண்ணன் உட்கார்ந்தபடியே போனார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மெருகுக்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"என் பேர்ல எவ்வளவுடா ஊதினே?"

"நூத்தி அஞ்சு."

"அதை அழிக்க முடியுமா?"

அவரையும் அந்த இரண்டு அறுவைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு அதே ஜன்னலுக்குப் போனேன். அந்த அம்மாள் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். ஊதினவன் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அழிக்கலாம். ஆனால் ஒரு நகல் பட்டறைக்குப் போகும் என்றாள். எனக்கு வேலை போகும். இவர்களுக்கும் போகலாம். அண்ணி வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

திரும்பிப் பார்த்தேன். வழக்கமாக வாய் ஓயாத மெருகுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"பேனா கொடும்மா," என்றேன்.

நான்கு பெயர் எழுதினேன். இறந்தவர் பெயர் வேண்டாம் என்றாள் அந்த அம்மாள்.

"அதையும் அழிங்க. அது அவர் மூச்சு இல்ல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.