பத்தே முக்காலுக்கு அவர் இருந்த இடம்

மேனேஜர் தன் மேசைமேல் இருந்த திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அன்று காலை பத்தே முக்காலுக்குப் பதிவான பெயிண்ட் தொழிற்சாலை வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள், ஆளுக்கு ஒன்று. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் புள்ளியைத் தேடினார். அது மட்டும் சிவப்பாக இருந்தது. பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் இருந்தது.

தீப்பிடித்தால் யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே என்று போன மாதம்தான் எல்லார் கழுத்திலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டை இரண்டு விநாடிக்கு ஒருமுறை 'இங்கே இருக்கிறேன்' என்று யார் காதிலும் விழாமல் கூவும். தூண்களிலும் அறைகளிலும் மாட்டிய வெள்ளைப் பெட்டிகளில் எதற்கு அந்தக் கூவல் பலமாகக் கேட்கிறதோ, அதன் பக்கத்தில் ஆள் நிற்பதாகக் கணக்கு. ஓர் ஆணின் அட்டை பெண்கள் அறைக்குள் போனால் எல்லாப் பிரிவுத் தலைவர்களின் போனுக்கும், தலைமை அலுவலகத்துக்கும் செய்தி போய்விடும்.

"நாலு நாளா, பத்தே முக்கால்லேர்ந்து நாப்பத்திரண்டு நிமிஷம். அங்க என்ன வேலை உங்களுக்கு?" என்றார் மேனேஜர்.

"வண்டிக்கு சார்ஜ் போட்டுட்டு ஸ்டூல்லதான் சார் உட்கார்ந்திருந்தேன்."

"மெஷின் பொய் சொல்லாது."

"நானும் சொல்ல மாட்டேன் சார்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. பெட்டிகளை மாட்டிய கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்க்கட்டும், அதுவரை வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்டோரில் உட்காருங்கள் என்றார். பத்தொன்பது வருடமாக இடுப்பில் தொங்கிய சாவி. எந்தப் பாரத்தையும் கோடு போட்ட மாதிரி வைப்பவர் என்பதால் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். சாவியைக்கூட மேசை விளிம்புக்கு நேராகத்தான் வைத்துவிட்டு வந்தார்.

சிக்கல் என்னவென்றால் அவருக்குச் சாட்சி இல்லை. அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் வேலையில் இருப்பார்கள், அறை காலி. சார்ஜ் போடும் மூலையும் காலி. யாரும் இல்லாத அறையில் ஒரு மனுஷன் நாற்பத்திரண்டு நிமிடம் என்னதான் செய்வான் என்று கேன்டீனில் ஆளாளுக்கு ஆராய்ச்சி செய்தார்கள். எதிரே வரும் பெண்கள் தொண்டையைக் கனைத்தார்கள். காலையில் மணி பத்தே முக்கால் ஆனதும் ஸ்டோர் வாசலில் தலையை நீட்டி, என்னண்ணே இன்னும் கிளம்பலையா என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு பெயர் வாங்குவதற்குப் பதில் வண்டிக்கு அடியிலேயே விழுந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இதில் இன்னொரு கூத்து. பேக்கிங் பிரிவின் தலைவி அவர் மனைவி. நூற்றுப் பதினேழாம் எண் ஊழியர் பெண்கள் அறைக்குள் இருக்கிறார் என்று நாலு நாளும் அவள் போனுக்கும் செய்தி வந்திருந்தது. அவள் மேனேஜரிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டாள்: வீட்டில் குளியலறைக் கதவு சும்மா சாத்தியிருந்தாலே மூன்று தடவை தட்டுகிற மனுஷன் சார் இவர், உள்ளே யாருமில்லை என்று தெரிந்த பிறகும் நாலாவது தடவை தட்டுவார் என்று. மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார். ஆனால் பெண்டாட்டி சாட்சி சபைக்கு ஆகுமா?

மூன்றாம் நாள் பெட்டிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு மடிக்கணினி, காலில் கனத்த பூட்ஸ். யாரையும் விசாரிக்கவில்லை. போன வாரம் இங்கே எதை இடம் மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டாள். சார்ஜ் போடும் மூலைக்கு முன்னால் கூரை முட்ட அடுக்கியிருந்த காலி டின்களைக் காட்டினார்கள். அவள் அந்தச் சுவரைச் சுற்றி வந்து விரலால் தடவிப் பார்த்தாள். தகரத்தைத் தாண்டி சிக்னல் போகாது என்றாள். பந்து மாதிரி பட்டுத் திரும்பும். வேறு வழியில்லாமல் மேலே ஏறி, பின்சுவர் வென்டிலேட்டர் வழியாக அதற்குப் பின்னால் இருக்கிற பெண்கள் அறைப் பெட்டியில் போய் விழுகிறது. டின்களுக்கு அந்தப் பக்கத் தூணில் இருக்கிற பெட்டிக்குக் காதே கேட்கவில்லை.

"இடுக்கு இருந்திருந்தா கொஞ்சமாவது கசிஞ்சிருக்கும். ஒரு நூல் சந்துகூட இல்லாம இதை யாரு அடுக்கினது?"

மில்லிமீட்டர் பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினார். ஒரு வாரத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் லேசாக ஒரு பெருமை எட்டிப்பார்த்தது.

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே பார்த்துவிடுவதாகச் சொல்லி, கழுத்தில் தன் அட்டையோடு போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வேடிக்கை பார்க்க வந்திருந்த பிரிவுத் தலைவர்கள் எல்லாருடைய போனும் ஒரே சமயத்தில் அதிர்ந்தது. மில்லிமீட்டரின் மனைவி தன் போனை எடுத்து, வருகைப் பதிவு படிப்பதுபோல் நிதானமாகப் படித்தாள்: "ஆண் ஊழியர், எண் ஒன்று, பெண்கள் உடை மாற்றும் அறையில்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். அதற்குள் மேனேஜரின் போன் அடித்தது. தலைமை அலுவலகம். அவர் எழுந்து சுவரோரமாகத் திரும்பிக்கொண்டு பேசினார்.

"இல்லைங்க சார், ஸ்டூல்லதான் உட்கார்ந்திருந்தேன்."

சாவி திரும்பி வந்தது. டின் சுவரைப் பிரித்து நடுவில் வழி விட வேண்டும் என்றார்கள். எவ்வளவு அகலம் என்று மில்லிமீட்டர் கேட்டார். ஓர் ஆள் போகிற அளவு போதும் என்றாள் அந்தப் பெண். அது கணக்கில்லை, சரியாகச் சொல்லுங்கள் என்று அவர் டேப்பை நீட்டிவிட்டார். அன்று ஷிஃப்ட் முடியும்வரை அந்த வேலைதான்.

சாயங்காலம் கணவனும் மனைவியும் கேட்டைத் தாண்டி வந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவருக்கு மனசு லேசாக இருந்தது.

"ஊரே சந்தேகப்பட்டுது. நீ ஒருத்திதான் படலை."

அவள் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"ரெண்டாம் நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன்."

"எங்க?"

"அந்த ரூம்லதான். தலைவலின்னு சொல்லிட்டு, அட்டையைக் கழட்டி டிராயர்ல வச்சுட்டு. நாப்பத்திரண்டு நிமிஷமும்."

அவர் நின்றுவிட்டார்.

"நீங்க வரலை. ஆனா நீங்க அங்க இருக்கிறதா போன்ல செய்தி வந்துச்சு. நான் மட்டும் பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்."

"இதை அன்னைக்கே மேனேஜர்கிட்ட சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே."

"எதுக்குப் போய் உட்கார்ந்தேன்னு கேட்டிருப்பாங்க" என்றாள். "நீங்களும் கேட்டிருப்பீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. முப்பது வருடக் கல்யாணத்தில் நாற்பத்திரண்டு நிமிடம் எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்து விட்டுவிட்டார். கோபப்படலாமா என்றும் யோசித்துப் பார்த்தார். அதற்குள் அவள் சாலையைக் கடந்துவிட்டாள். அவர் காலை எடுத்து வைக்கும்போது, இரும்புக் குழாய் ஏற்றிய நீண்ட லாரி ஒன்று குறுக்கே வந்து, முன்னால் எதற்கோ நின்றது. அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவர் குனிந்து பார்த்தார். சக்கரங்களுக்கு நடுவே, தூசிக்கு அந்தப் பக்கம், அவள் செருப்புகள் இரண்டும் நகராமல் இவர் பக்கமாகத் திரும்பி நின்றிருந்தன.