அமாவாசையில் வாங்கிய கிடார்

என் வீட்டுக்காரருக்குக் கிடார் ஆசை வந்தது காது டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பஸ்ஸில். திருப்பதியில் டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் தறிச் சத்தத்திலேயே இருந்ததில் மெல்லிய சத்தங்கள் காதை விட்டுப் போய்விட்டன, போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் வடமாலபேட்டை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தேவி, நான் கிடார் கத்துக்கலாம்னு இருக்கேன்."

"இன்னாது?"

"எலக்ட்ரிக் கிடார். அதுல சத்தத்த ஏத்தி வெச்சிக்கலாம். காது மொத்தமா போறதுக்குள்ள நானே வாசிச்சி நானே கேக்கணும்."

பஸ் என்றுகூடப் பார்க்காமல் திட்டினேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பேரன் எடுக்கிற வயசில் கிடாரா? நகரியில் இறங்குகிறவரை என் வாய் ஓயவில்லை. பிரபாகரைப் போலப் பொறுமைசாலி உண்டா என்று எங்கள் தெருவில் இவரைச் சொல்வார்கள். பொறுமையாவது ஒன்றாவது, என் பேச்சில் பாதி அவருக்குக் கேட்டதே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் திட்ட மனசு வரவில்லை.

எங்கள் வீட்டின் முன்பாதியில் நாலு பவர்லூம். நானும் அவரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். அமாவாசை அன்று மட்டும் தறியை நிறுத்துவது எங்கள் வழக்கம். அதனால் அடுத்த அமாவாசைக்குத் திருப்பதியில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முரளிதரன் தெலுங்குக்காரர். எங்களுக்கு நல்ல நாளான அமாவாசை அவர்களுக்கு ஆகாத நாள்.

"அமாவாஸ்ய அன்னிக்கி கிடார் வாங்க வந்தது நீங்கதான் ஃபர்ஸ்ட்," என்று சிரித்தார். "யாருக்கு? பாபுக்கா, உங்க பையனுக்கா?"

"எனக்குத்தான்," என்றார் இவர். முரளிதரன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"நம்மகிட்ட விலை கம்மியாவே நல்லது இருக்கு சார். ஆனா கலரப் பாத்து எடுக்காதீங்க. கம்பி கட்டைக்குக் கிட்ட இருக்கணும். தூக்கலா இருந்தா வெரல் வலிச்சி ஒரே வாரத்துல மூலைல போட்டுடுவீங்க. கழுத்து உங்க கைக்கு அடங்கணும். மடியில வெச்சிக் கைய விட்டா தலப்பக்கம் சாயக் கூடாது."

ஸ்பீக்கர் பெட்டியோடு செட்டாக வருகிற ஒன்றை நான் காட்டினேன். அதில் ஸ்பீக்கர் கொசு மாதிரிக் கத்தும், வேண்டாம் என்று முரளிதரனே ஓரமாகத் தள்ளினார். ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்துக் கடைசியில் கறுப்பு ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக இரண்டு தேறின. இரண்டும் ஒரே விலை. கறுப்பில் கம்பிகளுக்கு அடியில் பட்டையான காந்தங்கள். சத்தம் தடித்து வந்தது. சிவப்பில் ஒல்லியான காந்தங்கள். சத்தம் கணீரென்று வந்தது.

இவர் இருக்கிறதிலேயே மெல்லிய கம்பியைக் கறுப்பில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சிவப்பில் தட்டினார். தட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

"கேக்குது தேவி," என்றார். நான் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும் சார்," என்றார் முரளிதரன். "ஒல்லிக் காந்தம் பக்கத்துல இருக்கிற மோட்டார் இரைச்சலக்கூட இழுத்துக்கும். கறுப்புல அந்தத் தொல்லை கம்மி. உங்க வீடு எப்டி?"

"எங்க வீடு ரொம்ப அமைதி. நாங்க ரெண்டு பேருதான். இவ வாய்தான் கொஞ்சம்."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். சிவப்பையும் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அன்று சாயங்காலம் தறிகள் சும்மா கிடக்க, இவர் பின்கட்டில் உட்கார்ந்து அந்த ஒரு கம்பியையே தட்டிக்கொண்டிருந்தார். பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து நான் தறியைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் அவர் போய் உட்கார்ந்தார். சீக்கிரமே எழுந்து வந்துவிடுவார். அந்த வாரம் முடிவதற்குள் கிடார் உறைக்குள் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ்ளோ ஆசப்பட்டு வாங்கினு வந்து, இப்ப இன்னாத்துக்கு மூடி வெச்சிக்கினு இருக்கீங்க?"

தரையைப் பார்த்தார். "பொட்டியப் போட்டாலே காதுல ஒரே இரைச்சல். டாக்டரம்மா சொன்னது சீக்கிரமே வந்துடிச்சி தேவி. வுடு."

ஓடிப்போய்க் கிடாரை எடுத்து, பெட்டியில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டு, காதை வைத்துக் கேட்டேன். ங்கொய் என்று ஒரு இரைச்சல்.

"எனக்கும் கேக்குது," என்றேன். "உங்க காது இல்ல. இந்தக் கட்டதான் கத்துது."

அவர் நம்பவில்லை. நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். உடனே முரளிதரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பக்கத்துல மோட்டார் எதுனா ஓடுதாம்மா?"

"மோட்டாரெல்லாம் இல்லியே சார். தறிதான் ஓடுது."

"தறி எதுலம்மா ஓடுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் நாலு மோட்டார். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், அதைச் சத்தம் என்று இரண்டு பேரில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

கொண்டுவந்தால் கறுப்பை மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு முரளிதரன் போனை வைத்தார்.

"கறுப்புல அந்தக் கம்பி எனக்குக் கேக்கல," என்றார் இவர். "பரவால்ல. மாத்திக்கலாம். கேக்குற வரைக்கும் கேப்போம்."

அந்தப் பரவாயில்லைதான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த வீட்டில் எதற்குத்தான் அவர் அதைச் சொல்லவில்லை? எழுந்து முன்பக்கம் போனேன். சேலை பாதியில் இருந்தது. இருக்கட்டும் என்று தறி மெயினை இறக்கினேன். நாலும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின.

"கரண்ட் போச்சா?" என்று அங்கிருந்து கேட்டார். பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான்தான் நிறுத்தினேன்."

"இன்னிக்கி அமாவாச இல்லியே."

"தெனம் வெளக்கு வெக்கிற நேரத்துக்கு நிக்கும். நீங்க வாசிச்சி முடிச்சாதான் ஓடும். எவன் வந்து கேக்குறான்னு நானும் பாக்குறேன்."

அவர் மடியில் கிடாரைச் சரிசெய்துகொண்டு அந்த மெல்லிய கம்பியைத் தட்டினார். அந்தச் சத்தம் தீர்ந்து அடங்குகிறவரை காத்திருந்துவிட்டு, "கேக்குதா?" என்றேன். தறி ஓடாததை மறந்து, வழக்கம்போல் தொண்டை கிழியக் கேட்டிருக்கிறேன்.

"ஏன் கத்துற," என்றார். "கேக்குது."